வால் முளைத்த விண்மீன்கள்

கேள்வி: என்னிடம் 200 மி.மீ. விட்டமும் 1,000 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட நியூட்டன் வகைத் தொலைநோக்கி உள்ளது. லேசர் கருவியால் இரு ஆடிகளையும் சரிசெய்தேன். ஒளிப்புள்ளி முதன்மை ஆடியின் (குழாயின் அடியிலுள்ள பெரிய ஆடி) நடுக்குறியில் விழுந்து, வந்த வழியே திரும்புகிறது. ஆனாலும் 5 மி.மீ. கண்ணருகு லென்ஸில் விண்மீன்கள் எல்லாம் ஒரே பக்கமாக வால் நீட்டித் தெரிகின்றன. ஆடியே பழுதா?

பதில்: ஆடியைக் குறைசொல்லும் முன் லேசரைச் சந்தேகியுங்கள். 'ஒரே பக்கமாக' என்று நீங்கள் எழுதியிருப்பதே நல்ல துப்பு. பரவளைய ஆடிக்கு இயல்பாகவே உள்ள கோமா என்ற குறையால் வரும் வால், பார்வைப் புலத்தின் நடுவில் இராமல், ஓரம் செல்லச் செல்ல வளர்ந்து, வெளிநோக்கி நீளும். நடுவில் உள்ள விண்மீனுக்கும் அதே திசையில் வால் இருந்தால், முதன்மை ஆடியின் அச்சு லென்ஸின் நடுவைத் தொடாமல் விலகிச் செல்கிறது என்று பொருள். குவிய விகிதம் (குவியத் தொலைவை விட்டத்தால் வகுத்தால் வருவது) 5 என்பதால், உங்கள் கருவியில் கோமா உறுத்தாத பகுதி ஏறத்தாழ 2.8 மி.மீ. விட்டம்தான், விகிதம் 8 ஆக இருந்திருந்தால் அது 11 மி.மீ. வரை விரிந்து, இதே பிழை கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

லேசரைச் செருகி, பிடிதிருகை இறுக்காமல், மெல்லச் சுழற்றுங்கள். ஆடியில் விழும் புள்ளி ஒழுங்காக ஒரு வட்டம் போட்டால், லேசர் தன் உறைக்குள்ளேயே சாய்ந்திருக்கிறது. இங்குமங்கும் தாவினால், செருகும் இடத்தில் தளர்வு.

இறுதித் தீர்ப்பை விண்மீனிடமே விடுங்கள். ஆடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்தபின், ஓரளவு பிரகாசமான விண்மீனை நட்டநடுவில் நிறுத்தி, குவியத்திலிருந்து மிகச் சிறிதளவே விலக்கினால், ஒளிவளையங்கள் தெரியும். அவை ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்திருந்தால், முதன்மை ஆடியின் பின்னுள்ள மூன்று திருகுகளில் ஒன்றை எட்டில் ஒரு சுற்று திருப்புங்கள்; நிலைமை மோசமானால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் விண்மீன் இடம் நகரும். அதை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே வளையங்களைப் பாருங்கள். இதை மறந்துவிட்டு விடியும்வரை திருகோடு மல்லுக்கட்டியவர்களில் நானும் ஒருவன்.

வளையங்கள் மையம் பிசகாமல், ஆனால் முக்கோணச் சாயலில் தெரிந்தால், ஆடியைப் பிடித்திருக்கும் கவ்விகளைத் தளர்த்த வேண்டும். குவியத்தின் ஒரு பக்கம் நெட்டாகத் தெரியும் நீள்வட்டம் மறுபக்கம் குறுக்காகத் திரும்பினால் மட்டுமே ஆடியின் வடிவத்தைச் சந்தேகிக்க இடமுண்டு; அப்போதும் கண்ணருகு லென்ஸைச் சுழற்றி, நீள்வட்டமும் கூடவே சுழல்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.