ஐஜிஇ கூடியிருந்தால் புற்றுநோயா?

கேள்வி: வயது 41. பன்னிரண்டு வருடமாகத் தும்மல், மூக்கடைப்பு. தினமும் செட்டிரிசின் போடுகிறேன். இப்போது ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ 640 என்று வந்திருக்கிறது. இந்த அலர்ஜி புற்றுநோயாக மாறிவிடுமா? மாத்திரையால் ஆபத்து உண்டா?

பதில்: மாறாது. ஐஜிஇ என்பது அலர்ஜியின்போது உடம்பு கூடுதலாக உண்டாக்கும் ஓர் எதிர்ப்புப் புரதம், அவ்வளவுதான். உங்கள் ரிப்போர்ட்டில் 640ஐத் தடித்த எழுத்தில் அச்சடித்து, பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். பயமுறுத்துவது அந்தக் குறிதான். பெரியவர்களுக்குச் சுமார் 100 வரை இயல்பு என்று வைத்துக்கொண்டு கணினி போடுகிற குறி அது. அலர்ஜிக்காரர்களுக்குச் சில நூறுகள் வருவது சாதாரணம். வயிற்றில் புழு இருந்தால்கூட ஏறும். ஐஜிஇ புற்றுநோய்க்கான பரிசோதனையே அல்ல.

இன்னும் சொன்னால், க்ளையோமா என்ற மூளைக் கட்டி அலர்ஜி உள்ளவர்களிடம் சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. எப்போதும் விழித்திருக்கும் எதிர்ப்புச் சக்தி, கெட்டுப்போன செல்லையும் முளையிலேயே பிடித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் அந்தக் கட்டியே எதிர்ப்புச் சக்தியை அடக்கக்கூடியது. அதனால் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். தும்முகிறவர்கள் இதை வைத்து ரொம்பவும் சந்தோஷப்பட வேண்டாம். ஆஸ்துமாவில் கதை வேறு: நுரையீரல் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிகிறது. அதில் புகைப்பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வாதம்.

செட்டிரிசின் புற்றுநோய் தருவதாக ஆதாரம் இல்லை. 2020இல் அமெரிக்காவில் ரானிடிடினைப் புற்றுநோய் பயத்தால் திரும்பப் பெறச் சொன்னார்கள், அந்தச் செய்தியைத்தான் பலரும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது வயிற்று அமிலத்துக்கான மாத்திரை. சரி, தினமும் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அடைப்புக்கு அதுதான் நன்றாகக் கேட்கும்.

நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. 'பழைய அலர்ஜிதானே' என்று விட்டுவிடுகிறோமே, அதற்கு. தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் வாரக்கணக்கில் அரிப்பு, இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைவது, கழுத்தில் வலியில்லாத கட்டி என்றால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் உங்கள் மூக்கு. ஒரு துளையை விரலால் மூடி மற்றதால் மூச்சு விட்டுப் பாருங்கள். அலர்ஜி அடைப்பு பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைக்கும், புரண்டால் அடுத்தது. எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது, சளியில் ரத்தமும் வருகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எண்டோஸ்கோபி செய்துகொள்ளுங்கள்.