நாற்காலியில் உட்கார்ந்த ராணி

அன்புள்ள சார்,

போன மாதம், மனிதரைத் தின்னும் ராட்சசர்களோடு (டைட்டன்கள்) மோதுகிறவர்களின் கதையான ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்ற ஜப்பானியப் படக்கதை (மாங்கா) பற்றிய குறிப்பில், “பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சண்டைபோட விட்ட, சமமாகச் சாக விட்ட மாங்கா” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு உங்கள் மேல் கோபம்.

எட்டாம் வகுப்பில் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) பார்க்க ஆரம்பித்தேன். இப்போது வேலைக்குப் போகிறேன். 34 தொகுதிகளையும் சிறுகச் சிறுக வாங்கி, கடைசித் தொகுதியை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். தூக்கம் வரவில்லை. கதாநாயகி மிகாசா, டைட்டன்களோடு மோதுகிற படையிலேயே திறமைசாலி. ஆனால் அவளுக்கு வாழ்க்கை முழுக்க ஒரே வேலை, கூட வளர்ந்த நாயகன் எரென். அவனைக் கொன்ற பிறகும் அதே வேலை. தன்னை மறந்து இன்னொருவனோடு அவள் போய்விடக் கூடாது, பத்து வருஷமாவது தன்னையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் நண்பன் ஆர்மினிடம் அழுகிறான். கதை அதற்குக் கீழ்ப்படிகிறது. கிழவியாகி, அவன் கொடுத்த மப்ளரோடு சவப்பெட்டிக்குள் போகிறாள்.

அதைவிட மோசம், டைட்டன் சக்தி முதன்முதலில் வந்த யிமிரின் கதை. அடிமை. துரத்தி வேட்டையாடப்பட்டவள். அப்படிச் செய்த ராஜாவை அவள் ‘காதலித்தாளாம்’. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

“பையன்கள் பத்திரிகையில் வந்த கதை, வேறென்ன எதிர்பார்த்தாய்?” என்கிறான் தம்பி. நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா?

ம.,
திருப்பூர்

*

அன்புள்ள ம.,

(கதையின் முடிவு தெரியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இனி ஒன்றையும் மறைக்கப் போவதில்லை.)

அந்த வரியில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். ‘சமமாகச் சாக விட்ட’ என்பது இருக்கட்டும். படைவீராங்கனை சாஷா ஒரு சிறுமியின் துப்பாக்கிக் குண்டில் செத்தாள். படைத்தலைவர் ஹாஞ்சி 132ஆம் அத்தியாயத்தில் மற்றவர்கள் தப்பிக்க நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டு எரிந்து விழுந்தார். இரண்டு சாவிலும் ‘ஐயோ, பெண்’ என்ற சலுகை இல்லை. (ஹாஞ்சி ஆணா பெண்ணா என்பதை மாங்காவில் ஆசிரியர் வாசகரிடமே விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் அவனா அவளா என்று திண்டாடினார்கள். நமக்குக் கவலையே இல்லை, ‘அவர்’ இருக்கிறது.) வாபஸ் வாங்குவது வேறு பாதியை. ஆனால் அதற்குக் காரணமான பெண்ணின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லவே இல்லை.

முதலில் மிகாசா. இங்கே நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

அவளுக்கு எரென்தான் உலகம் என்பது உண்மை. ஆள்கடத்துகிறவர்கள் அப்பா அம்மாவைக் கொன்ற ராத்திரியில், ‘சண்டை போடு’ என்று கத்தி, பிறகு கழுத்தில் மப்ளர் சுற்றிவிட்ட பையன் அவன். அந்தப் பிடிப்பு ஆரோக்கியமானதா என்ற சந்தேகம் கதைக்கே இருக்கிறது. 112இல் எரென் அதையே ஆயுதமாக எடுக்கிறான்: உன் அன்பு உன் ரத்தத்தில் ஊறிய அடிமைத்தனம், வேறொன்றுமில்லை என்கிறான். அது பொய் என்று பிறகு தெரிகிறது. 123இல் இன்னொரு நினைவு வருகிறது. ‘நான் உனக்கு யார்?’ என்று எரென் கேட்ட மாலை. அவள் வெட்கப்பட்டு, தடுமாறி, ‘குடும்பம்’ என்றாள். வேறு பதில் சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்குமோ என்று அவள் நொந்துகொள்கிறாள். இப்படி ஒரு பெண்ணைக் கதையின் நடுவில் வைத்துக்கொண்டு, கடைசியில் அவனைக் காப்பாற்ற ஓட வைப்பதுதான் சுலபமான வழி. ஆசிரியர் இசாயாமா அந்த வழியில் போகவில்லை. 138இல் அவளுக்கு ஒரு கனவைக் காட்டுகிறார்: மலையில் ஒரு குடிசை, இருவர் மட்டும், அவனுக்கு மீதி இருப்பது கொஞ்ச காலம். தான் செத்ததும் மப்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன்னை மறந்துவிடும்படி அந்தக் கனவிலேயே அவன் கெஞ்சுகிறான். அவள் விழிக்கிறாள், முடியாது என்கிறாள், மப்ளரைக் கட்டிக்கொள்கிறாள், அவன் மாறியிருக்கும் டைட்டனின் வாய்க்குள் நுழைந்து அவன் தலையை வெட்டுகிறாள்.

எரென் கிளப்பிவிட்ட டைட்டன்களின் காலடியில் உலகத்தில் பெரும்பகுதி மிதிபட்டு அழிந்துவிட்டது. அதை நிறுத்துகிற முடிவை எடுத்தவள் அவள். யாரும் உத்தரவு போடவில்லை. எடுக்கிற நொடியில் அவள் முகம் நமக்குக் காட்டப்படுகிறது. அன்பையும் விடவில்லை, கத்தியையும் விடவில்லை. இதைக் கீழ்ப்படிதல் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வெட்டிய தலைக்கு முத்தம் கொடுப்பதற்கு முன்னால் அவள் சொல்கிற வார்த்தையைக் கவனித்தீர்களா? ஜப்பானிய மூலத்தில் ‘இத்தெரஷ்ஷாய்’. வீட்டிலிருந்து கிளம்புகிறவரிடம், வீட்டில் இருப்பவர் சொல்வது. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தில், மரத்தடியில் தூங்கும் சின்னப் பையனின் கனவிலும் இதே வார்த்தைதான் வருகிறது. ஆங்கிலத்தில் இதை ‘பிறகு பார்க்கலாம்’ என்கிற மாதிரி பெயர்த்தார்கள், பாவம், அவர்களிடம் வேறு வார்த்தை இல்லை. நம்மிடம் அச்சு அசலாக இருக்கிறது: ‘போயிட்டு வா’. வாசலில் நிற்கிறவரைப் பார்த்து வெறும் ‘போ’ என்று நாம் சொல்வதில்லை. தலையை வெட்டிவிட்டு ஒருத்தி ‘போயிட்டு வா’ என்கிறாள். இதைத் தமிழில் படிக்கிற வாசகருக்கு அந்த இடத்தில் விளக்கமே தேவைப்படாது.

அந்தப் பத்து வருஷ அழுகை? அது அசிங்கமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அசிங்கமாகவே வரையப்பட்டிருக்கிறது. கோடிக்கணக்கானவர்களைக் கொன்ற பத்தொன்பது வயதுப் பையன் மூக்கு ஒழுகப் புலம்புகிறான். இந்த அழுகையை மிகாசா கேட்கவும் இல்லை. தொகுதியில் கூடுதலாகச் சேர்த்த பக்கங்களில் அவளுக்குத் துணை இருக்கிறது (முகம் தெரியாது, முதுகைப் பார்த்தால் படைத்தோழன் ஜான் மாதிரி இருக்கிறது), குழந்தை இருக்கிறது, கல்லறைக்குப் பூ இருக்கிறது. துணையையும் கூட்டிக்கொண்டே அந்த மரத்தடிக்குப் போகிறாள். இரண்டையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் நிஜத்திலும் இருக்கிறார்கள்.

யிமிர் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி சரி. 122ஆம் அத்தியாயம் இந்தத் தொடரின் உச்சம் என்பது என் எண்ணம். பன்றிகளைத் திறந்துவிட்டாள் என்று பழி சுமந்த அடிமைச் சிறுமி. டைட்டன் சக்தி வந்த பிறகும் அதே ராஜாவுக்கு ரோடு போடுகிறாள், நிலம் திருத்துகிறாள், படை நடத்துகிறாள். இத்தனைக்கும் ‘பரிசாக’ அவன் கொடுப்பது தன் பிள்ளைகளைச் சுமக்கும் வேலை. அவனுக்கு வந்த ஈட்டியைத் தன் உடம்பில் வாங்கி விழுந்து கிடப்பவளிடம், எழுந்து வேலையைப் பார் என்கிறான். செத்த பிறகு அவள் உடலை மூன்று மகள்களுக்கும் ஊட்டுகிறான். மரியா, ரோஸ், ஷீனா. அந்த நாட்டின் மூன்று சுவர்களுக்கும் இந்தப் பெயர்கள்தான். அதன் பிறகு 2000 வருஷம் மணலைப் பிசைந்து டைட்டன் செய்துகொண்டிருக்கிறாள். அத்தியாயம் முழுக்க அவள் கண்ணை நாம் பார்ப்பதில்லை. நீ அடிமையும் இல்லை, தெய்வமும் இல்லை, மனுஷி, நீயே முடிவு செய் என்று எரென் சொல்லும்போதுதான் முதல்முறையாகக் கண் தெரிகிறது. கண்ணீரோடு.

இத்தனையும் வரைந்த கைதான் 139இல் எரெனை விட்டு ‘அவள் ராஜாவைக் காதலித்தாள்’ என்று சொல்ல வைக்கிறது. வதைக்கிறவனிடம் மனசு ஒட்டிக்கொள்வது நடக்காத காரியம் இல்லை. வெளியே வர முடியாத வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனக்கு இடிப்பது வேறு. அதை யிமிர் சொல்லவில்லை. எரென் சொல்கிறான், ஆர்மின் கேட்கிறான். இரண்டு பையன்கள் உட்கார்ந்து ஒரு பெண்ணின் 2000 வருஷ மௌனத்துக்குப் பொழிப்புரை எழுதுகிறார்கள். ஈட்டி ராஜாவின் மேலேயே பாய்ந்திருந்தால், அவள் மகள்களை அணைத்துக்கொண்டிருந்தால், என்று கடைசித் தொகுதியில் ஒரு படம் வருகிறது. வசனம் இல்லாத அந்த ஒரு படம், எரெனின் உரையைவிட அவளைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சரி, நீங்கள் எழுதாமல் விட்டவள்: ஹிஸ்டோரியா.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் மறந்தது தற்செயல் இல்லை, கதையே அவளை மறக்கும்படிதான் வைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ராஜ வம்சத்தின் கள்ளப் பிள்ளை, அம்மாவே வேண்டாம் என்று தள்ளியவள். எல்லோருக்கும் நல்லவளாக நடித்தே பழகியவளிடம், நெஞ்சை நிமிர்த்தி உன் வாழ்க்கையை வாழ் என்று சொன்னது இன்னொரு பெண், அதே பெயர்கொண்ட இன்னொரு யிமிர். குகைக்குள் அப்பா, டைட்டனாக மாற்றும் ஊசியைக் கையில் கொடுத்து, எரெனைத் தின்று தெய்வமாகிவிடு என்கிறார். ஊசியை உடைக்கிறாள், அப்பாவைத் தூக்கி எறிகிறாள், உலகத்திலேயே மோசமான பெண் நான்தான், மனித குலத்தின் எதிரி என்று கத்துகிறாள். ராட்சசனாகி வந்த அந்த அப்பாவைத் தன் கத்தியாலேயே முடிக்கிறாள். ராணியாகி, படையின் கேப்டன் லீவைக்குக் கையில் ஒரு குத்து விடுகிறாள். ஆண்களுக்கான சண்டை மாங்காவில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு முழுமையான பகுதி கிடைப்பது அபூர்வம்.

107ஆம் அத்தியாயத்தில் அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு. அவ்வளவுதான். மீதிக் கதை முழுக்க அவள் எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம்.

எனக்குக் கோபம் பிள்ளை பெற்றதில் இல்லை. அந்தக் கர்ப்பம் யிமிருக்கு நேர்ந்ததன் மறுபதிப்பு. டைட்டன் சக்தி வாங்கியவருக்கு 13 வருஷமே ஆயுள், அடுத்தவர் அவரைத் தின்றுதான் அதைப் பெற முடியும். நாட்டைக் காக்க ராஜ ரத்தத்தில் ஒரு டைட்டன் எப்போதும் வேண்டும். ஆகவே ராணி நிறையப் பெற்றுப்போட வேண்டும், பிள்ளைகள் வரிசையாக அவளையும் ஒருவரை ஒருவரும் தின்ன வேண்டும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிதானமாக இதைப் பேசுகிறார்கள். அவள் சரி என்கிறாள், எரென் மறுக்கிறான். 130இல் இன்னொரு துண்டு: உலகத்தை அழிக்கப் போவதாக எரென் அவளிடம் சொல்கிறான். முதலில் எதிர்க்கிறாள். தடுக்காமல் விட்டால் இனி நெஞ்சை நிமிர்த்தி வாழ முடியாதே என்கிறாள். அன்று என்னைக் காப்பாற்றிய மோசமான பெண் நீதானே என்று அவன் நினைவூட்டுகிறான். கடைசியில் அவள் கேட்பது: நான் ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டால்?

அங்கே காட்சி வெட்டப்படுகிறது.

பெருங்கொலைக்கு அவள் ஏன் வாய்மூடி உடந்தையானாள்? சின்ன வயதில் தன் மேல் கல்லெறிந்த பையனையே ஏன் தேர்ந்தெடுத்தாள்? அந்த மாதங்களில் நாற்காலியில் உட்கார்ந்து என்ன நினைத்தாள்? மிகாசாவின் முடிவுக்கு ஒரு அத்தியாயம் முழுதாகக் கிடைத்தது. அதற்குச் சற்றும் குறையாத ஹிஸ்டோரியாவின் முடிவு பக்கங்களுக்கு இடையே எங்கோ நடந்து முடிந்துவிட்டது. 139இல் மூன்று வயதுக் குழந்தையோடு வருகிறாள், ஒரு கடிதம் எழுதுகிறாள். முடிந்தது. 2023 நவம்பரில் அனிமே முடிந்தபோது எரென், ஆர்மின் உரையாடலைத் திருத்தி எழுத நேரம் கிடைத்தது. நாற்காலியை யாரும் தொடவில்லை.

ஏன் இப்படி? இசாயாமா 2009இல் தொடரை ஆரம்பித்தபோது அவருக்கு 23 வயது. இளம் வயதில் நினைத்து வைத்த முடிவுக்குத் தான் கட்டுப்பட்டிருந்ததாகப் பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். என் ஊகம் இது: அந்த முடிவில் ஆரம்பத்திலிருந்தே எரெனும் மிகாசாவும் ஆர்மினும் இருந்தார்கள். ஹிஸ்டோரியா வழியில் முளைத்து, திட்டத்தைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டாள். அவளை எழுந்து நடக்க விட்டிருந்தால் எரெனை அவளே தடுத்திருக்கவும் கூடும். அதனால் உட்கார வைத்துவிட்டார்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மாங்காவும் பையன்கள் பத்திரிகையில் 2001 முதல் 2010 வரை வந்ததுதான். ஹிரோமு அராகாவா என்ற பெண் வரைந்தது. நாயகனின் தோழி வின்ரி கடைசியில் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிள்ளை பெறுகிறாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. என் வாழ்க்கையில் பாதியைத் தருகிறேன், உன்னுடையதில் பாதியைக் கொடு என்று நாயகன் எட்வர்ட் ரயில் நிலையத்தில் ரசவாதச் சூத்திரம் சொல்லிக் கேட்கும்போது, முழுசாகவே தருகிறேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் சதவீதத்தில் பேரம் பேசுகிறாள். அந்த ரயில் நிலையத்தில் பேசுவது அவள் வாய்தான்.

ஆகவே நீங்கள் அதிகமாக எதிர்பார்க்கவில்லை. 34ஐ மூடி வைத்தது சரி. ஆனால் 32ஆவது தொகுதியை ஒருமுறை எடுத்து, ஹிஸ்டோரியாவின் அந்தக் கேள்வி வருகிற பக்கத்தைத் திருப்புங்கள். அடுத்த பக்கத்தில் அவளைத் தேடிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.