கல்யாணம் நின்றுவிட்டது, போட்டோகிராபருக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: எங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு போட்டோ, வீடியோ எடுக்க ஒருவரைப் பேசி, மொத்தத் தொகையில் 40 சதவீதத்தை அட்வான்ஸாகக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும் நிலையில், இரண்டு வீட்டாரும் பேசி நிறுத்திவிட்டோம். போனில் அவரிடம் சொன்னதற்கு, "அட்வான்ஸ் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ரசீதிலேயே போட்டிருக்கிறதே" என்கிறார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கிடையாது. ரசீதும் வாட்ஸ்அப் செய்திகளும்தான் இருக்கின்றன. பணம் போனது போனதுதானா?

பதில்: இல்லை. முழுப் பணமும் வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ரசீதில் ஒரு வரி அச்சடித்திருப்பதாலேயே 40 சதவீதத்தையும் அவர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. இந்த மாதிரி விஷயங்களில் பாதிப் பேர் அந்த வரியைப் படித்ததுமே கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணம் நின்ற மனவேதனையில் பணத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கும். எனக்குப் புரிகிறது. ஆனால் இது உங்கள் பணம், கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: ரத்து செய்ததை எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. நாளை அவர் "கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் சொன்னார்கள்" என்றால் உங்களால் மறுக்க முடியாது. வாட்ஸ்அப்பும் மின்னஞ்சலும் போதும், இரண்டிலும் அனுப்பினால் நல்லது. ஏன் நின்றது என்ற குடும்பக் கதை அதில் வேண்டாம். என்ன தேதிக்குப் பேசியது, என்றைக்குப் போனில் சொன்னீர்கள், அந்தத் தேதியை அவர் வேறு யாருக்கும் கொடுத்துக்கொள்ளலாம், இந்த மூன்றும் இருந்தால் போதும். மூன்றாவதுதான் மிக முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

முன்கூட்டி வாங்கும் பணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தேதியை உங்களுக்காகப் பிடித்துவைக்க வாங்கும் சிறு தொகை. பேச்சு மாறமாட்டீர்கள் என்பதற்கான பிணை அது. நியாயமான அளவில் இருந்தால், நீங்கள் விலகும்போது அதை அவர் வைத்துக்கொள்வதைப் பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்கும். இன்னொன்று, செய்யப்போகும் வேலைக்கான கூலியில் ஒரு பகுதி. வேலையே நடக்காதபோது இதை அப்படியே விழுங்கிவிட முடியாது. ரசீதில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நீதிமன்றம் பார்ப்பது தொகையின் அளவையும் அது எதற்காக வாங்கப்பட்டது என்பதையும்தான். 40 சதவீதம் என்பது வெறும் பிணைத் தொகை என்று சொல்லிச் சமாளிப்பது அவருக்குக் கஷ்டம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று முன்பே எழுதிவைத்திருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. 2015-இல் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் மனை ஏல வழக்கு ஒன்றில், நட்டம் ஏற்பட்டிருந்தால்தான் இந்த இழப்பீடே என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அந்த மனையை ஆணையம் பிறகு பல மடங்கு விலைக்கு விற்றிருந்தது. அதற்கு நட்டம் எதுவும் இல்லை என்று சொல்லி, பறிமுதல் செய்த முன்பணத்தைத் திருப்பித் தர வைத்தது நீதிமன்றம். உங்கள் போட்டோகிராபர் அதே தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் நிலைமை கிட்டத்தட்ட இதேதான்.

மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் 75-வது பிரிவு இதே விதிதான். ஆனால் பிடித்துவைத்த தொகை அநியாயமானது என்று காட்டும் பொறுப்பு பணம் கட்டியவர் மேல் விழும் என்று 2018-இல் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஆதாரங்களைச் சேர்த்துவைப்பது அங்கே இன்னும் முக்கியம். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், வாடிக்கையாளர் விலகும்போது அளவுக்கு மீறிய தொகையைப் பறிக்கும் நிபந்தனையை, நியாயமற்றதாகக் கருதப்படக்கூடியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் விலகினால் பணம் போகும், வியாபாரி விலகினால் ஈடு எதுவும் இல்லை என்ற ஒருதலை நிபந்தனையும் அதே பட்டியலில் இருக்கிறது.

ஆக, எல்லாம் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: நீங்கள் விலகியதால் அவருக்கு உண்மையில் என்ன நட்டம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேசிய தொகை 100 என்று வையுங்கள். அதில் 20 அன்றைக்குக் கூலிக்கு வரும் கேமராமேன்களுக்கு, 15 ஆல்பம் அச்சுக்கு, 5 போக்குவரத்துக்கு. மீதி 60 அவருடைய உழைப்பும் லாபமும். ஐந்து மாதத்துக்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டதால் முதல் 40-இல் ஒரு காசுகூட அவர் செலவழிக்கவில்லை. சரி, அந்த 60? அந்தத் தேதி கடைசி வரை காலியாகவே இருந்தால் அதை நட்டம் என்று அவர் சொல்லலாம். அப்போது நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் 40 முழுவதையும் அவர் வைத்துக்கொள்வதில் ஓரளவு நியாயம் வந்துவிடுகிறது. (கல்யாணத்துக்குப் பிறகு எடிட்டிங்கில் செலவாகும் நாட்கள் அவருக்கு மிச்சம், அந்த நாட்களில் வேறு வேலை செய்யலாம் என்று நீங்கள் வாதாட இடமுண்டு.) அதே தேதிக்கு 70-க்கு வேறொரு வேலை கிடைத்துவிட்டால், அதிலும் செலவு அதே விகிதத்தில் போகும் என்று வைத்தால், அவர் கையில் நிற்பது ஏறக்குறைய 42. 60-க்குப் பதில் 42 என்பதால் நட்டம் 18, அட்வான்ஸ் 40-இல் அதைக் கழித்தால் உங்களுக்கு வர வேண்டியது 22. அதே 100-க்கு ஆள் கிடைத்துவிட்டால் நட்டம் என்று சொல்லவே ஒன்றும் இல்லை.

தேதியை வேறு யாருக்கும் கொடுக்கலாம் என்று எழுதச் சொன்னது இதனால்தான். நட்டத்தைக் குறைத்துக்கொள்ள அவரும் முயற்சி செய்தாரா என்பதைச் சட்டம் பார்க்கும். வருகிற ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, தேதி காலியாகப் போச்சு என்று உங்கள் தலையில் கட்ட முடியாது. முகூர்த்த நாளோ விடுமுறை நாளோ என்றால், ஐந்து மாதத்துக்குள் அந்த நாள் காலியாகவே இருக்கும் வாய்ப்பு குறைவு. உங்கள் கையில் இருக்கும் பலமே அதுதான்.

கேட்கும் கடிதம் சுருக்கமாக, கோபமில்லாமல் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"ஐயா, குறிப்பிட்ட தேதிக்கான புக்கிங்கை ரத்து செய்துவிட்டோம் என்று ஏற்கெனவே தெரிவித்திருக்கிறோம். அந்தத் தேதியை நீங்கள் வேறு எவருக்கும் கொடுத்துக்கொள்ளலாம். எங்கள் வேலைக்காக இதுவரை நீங்கள் செய்த செலவு, இந்த ரத்தால் உங்களுக்கு ஏற்பட்ட நட்டம் ஆகியவற்றைக் கணக்காகத் தெரிவியுங்கள். நியாயமானதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸை 15 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தேதிக்கு வேறு வேலை ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் தெரிவிக்கவும்."

இதில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. கணக்கைத்தான் கேட்கிறீர்கள். கணக்கு சொல்ல முடியாதவர் பெரும்பாலும் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார். "இப்போது பாதி தருகிறேன்" என்றோ "தேதி போனால் மீதியும் தருகிறேன்" என்றோ சொன்னால் யோசித்துப் பாருங்கள், மோசமான ஏற்பாடு இல்லை. "பணம் வேண்டாம், வீட்டில் அடுத்த விசேஷத்துக்குக் கழித்துக்கொள்ளலாம்" என்றால், அப்படி ஒரு விசேஷம் கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். எத்தனை காலத்துக்கு அது செல்லும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

உங்கள் பக்கம் பலவீனமாகும் இடங்களும் உண்டு. கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பை அவர் ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருந்தால் அதற்கான கூலி அவருடையது. உங்களுக்கென்று பொருள் வாங்கிவிட்டு, அதை வேறு யாருக்கும் பயன்படுத்த முடியாது என்றால் அதுவும் அப்படியே. கடைசி இரண்டு வாரத்தில் ரத்து செய்தவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அந்த நிலையில் அட்வான்ஸைத் தாண்டிப் பாக்கியையும் கேட்க அவருக்கு இடம் இருக்கலாம். எனவே கேட்பதற்கு முன் ரசீதில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

அவரே விலகியிருந்தால் இவ்வளவு கணக்கும் தேவையில்லை. முழு அட்வான்ஸையும் அவர் திருப்பித் தர வேண்டும். கடைசி நேரத்தில் கூடுதல் விலைக்கு வேறு ஆளை நீங்கள் பிடிக்க நேர்ந்தால் அந்த வித்தியாசத்தையும் கேட்கலாம். பிரிட்டனில் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், பேசிய விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டுக்குள் இருக்கும் பட்சத்தில், அட்வான்ஸ் மட்டுமே கார்டில் போயிருந்தாலும் வங்கியிடமே கேட்க 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு வழி வைத்திருக்கிறது.

அரசாங்கத் தடை போன்ற, யார் கையிலும் இல்லாத காரணத்தால் கல்யாணம் நடத்தவே முடியாமல் போனால் அது தனி விவகாரம். ஒப்பந்தமே செல்லாததாகி, வாங்கியதைத் திருப்பித் தரும் கடமை வந்துவிடும். இந்தியாவில் இதற்கு மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65-வது பிரிவுகள். ஆனால் இரண்டு வீட்டாரும் பேசி நிறுத்தியது இதில் சேராது.

கடிதத்துக்குப் பதிலே இல்லை என்றால்? இந்தியாவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். அதிலேயே பல விவகாரங்கள் முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். சேவையில் குறை, பணத்தைத் தர மறுப்பு என்ற அடிப்படையில் மனுவை எழுதுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கச் சொல்லிக் கேட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கும், தேவையில்லாத அலைச்சல். மலேசியாவில் நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலும், சிங்கப்பூரில் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயம் 20,000 டாலர் வரையிலும் விசாரிக்கும்.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஒரே கட்டுக் காகிதம்தான்: ரசீது, பணம் போனதற்கான வங்கிப் பதிவு, விலை பேசிய வாட்ஸ்அப் செய்திகள், ரத்துக் கடிதம், அவருடைய பதில். வாட்ஸ்அப் உரையாடலை இப்போதே முழுசாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் போட்டுவையுங்கள். போன் மாறினால் போய்விடும். அந்தத் தேதியில் அவர் வேறு கல்யாணத்துக்குப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால், அதையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கோரிக்கைக்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறு கிடையாது.

சமரசமாகிப் பணம் தரச் சம்மதித்தால், பணம் கணக்கில் ஏறும் வரை "இனி கோரிக்கை எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அசல் ரசீதைத் திருப்பிக் கேட்டால், இரண்டு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.