அந்தத் துப்பாக்கியை வீட்டில் எங்கே வைக்கிறார் என்று கேட்கலாமா?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்குத் திருச்சி. மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று டெக்சாஸில் ஃபிரிஸ்கோவுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் அறுபது வயது தாண்டிய ஓர் அமெரிக்கர் இருக்கிறார். தங்கமான மனிதர். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இவர்தான் எங்கள் புல்லையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தார். போன வாரம் அவர் கீழே விழுந்த பந்தை எடுக்கக் குனிந்தபோது இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. என் எட்டு வயதுப் பேரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில்தான் அவருடைய பேரனோடு விளையாடுகிறான். வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பார் என்று கேள் என்றால் மகள், "அதெல்லாம் கேட்டா அசிங்கம்மா" என்கிறாள். இதற்கு நடுவே, இரண்டு தெரு தள்ளி ஓர் இந்தியர் வீட்டில் நகை திருடு போய்விட்டது. மாப்பிள்ளை தானும் ஒரு பிஸ்டல் வாங்கப் போவதாகச் சொல்கிறார். அவர் ஹெச்1பி விசாவில் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கடைக்கும் சுடும் பயிற்சிக்கும் தானே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்களா, கெட்டவர்களா என்றே புரியவில்லை. நான் என்ன செய்ய?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மகளின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஒஹாயோவில் நாங்கள் இருந்த காலத்தில் என் மகளுக்கு ஆறு வயது. வகுப்புத் தோழி வீட்டுக்கு முதல் முறையாக விளையாடப் போக வேண்டும். குழந்தைகள் நல மருத்துவர் போன தடவை பார்த்தபோது, "விளையாடப் போகிற வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பீர்களா?" என்று சாதாரணமாகக் கேட்டிருந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் கால் மணி நேரம் நின்றேன். நம் ஊரில் ஒரு வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும்போது, "உங்கள் வீட்டில் ஆபத்தான பொருள் இருக்கிறதா?" என்று கேட்டால் உறவே முறிந்துவிடும் இல்லையா? அப்புறம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். அந்தப் பெண் ஒரு நொடி கூடத் தயங்கவில்லை. "மூன்று ரைஃபிள், அடித்தளத்தில் இரும்புப் பெட்டகத்தில். சாவி என் கணவரிடம். தோட்டா தனியாக இருக்கிறது" என்றாள். சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். மளிகைக் கடையில் விலை கேட்கிற மாதிரிதான் இருந்தது அவள் குரல். அவமானப்பட்டது போல ஒரு சாயலும் அதில் இல்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் துப்பாக்கி என்றால் போலீஸ், ரவுடி, சினிமா என்று மூன்று இடத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களுக்கு அது அப்பா கொடுத்த பொருள். டெக்சாஸ் பக்கம் பத்து, பன்னிரண்டு வயதில் தாத்தாவோடு மான் வேட்டைக்குப் போன நினைவு பலருக்கு உண்டு. நமக்கு முதன்முதலாக சைக்கிள் ஓட்டிய நாள் எப்படியோ அப்படி. 2023-ல் பியூ என்கிற கருத்துக்கணிப்பு மையம் கேட்டபோது, அமெரிக்காவில் வயது வந்தவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். துப்பாக்கி இருக்கிற வீட்டில் வாழ்கிறவர்களைச் சேர்த்தால் பத்துக்கு நான்கு பேர். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அங்கே விதிவிலக்கான மனிதரே இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டப்படி தகுதியுள்ள பெரியவர்கள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துப் போகலாம். மருத்துவமனை, கடை வாசலில் 30.06, 30.07 என்று எண் போட்டு, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை இருக்குமே, பார்த்திருப்பீர்கள். துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று சொல்கிற பலகை அது. பலகை வைத்துத் தடுக்க வேண்டிய அளவுக்கு அது சகஜம்.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. 1999-ல் எதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிப்பேர் வேட்டைக்கு என்றார்கள். பாதுகாப்புக்கு என்றவர்கள் 26 சதவீதம்தான். 2023-ல் 72 சதவீதம் பேர் பாதுகாப்பை முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். மானைச் சுடுகிற நீளமான ரைஃபிளின் இடத்தில், மனிதனை நினைத்து வாங்குகிற பிஸ்டல் வந்துவிட்டது. ரைஃபிள் வருடத்தில் சில நாள்தான் பெட்டகத்தை விட்டு வெளியே வரும். பிஸ்டல் அப்படியா? அவசரத்துக்கு உடனே எடுக்க வேண்டும் என்றுதானே வாங்குகிறார்கள், அதனால் தலையணைப் பக்கத்து டிராயரில் தோட்டாவோடு கிடக்கிறது. பயத்துக்காக வாங்கிய பொருளைப் பூட்டி வைக்க மனசு வராது. என்னுடைய கவலை முழுக்க அந்த டிராயரைப் பற்றித்தான்.

நல்லவர்களா, கெட்டவர்களா என்று கேட்டீர்கள். நாடே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, சகோதரி. துப்பாக்கி இருந்தால் பாதுகாப்பு கூடுமா, குறையுமா என்ற கேள்விக்கு அதே 2023 ஆய்வில் 49 சதவீதம் பேர் கூடும் என்றார்கள், 49 சதவீதம் பேர் குறையும் என்றார்கள். கைத்துப்பாக்கியையே தடை செய்யலாம் என்று 1959-ல் பத்துக்கு ஆறு பேர் சொன்ன நாடு அது. இப்போது அப்படிச் சொல்கிறவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம், தனி மனிதனுக்கு வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்கிற உரிமையைத் தருகிறது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். நீதிபதிகளே அப்படி என்றால், வேலியோரம் நின்று வாதாடி அந்தப் பெரியவரை நீங்கள் மாற்றிவிட முடியாது. மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரு பூட்டு.

பள்ளிக்கூடம், மால் என்று உங்கள் மனதில் ஓடுவதும் எனக்குத் தெரியும். நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து ஆலன் ஊர் அவுட்லெட் மால் காரில் அரை மணி நேரம் கூட ஆகாது. 2023 மே 6, சனிக்கிழமை, அங்கே துப்பாக்கிச் சூட்டில் எட்டுப் பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. ஹைதராபாத் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த ஓர் இளம் பொறியாளரும் உண்டு. அதற்கு முந்தைய வருடம் இதே டெக்சாஸில் யுவால்டே பள்ளிக்கூடத்தில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும். ஒரு மணி நேரத்துக்கு மேல் போலீஸ் வகுப்பறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தது. துப்பாக்கிக்காரன் வந்தால் ஒளிவதற்கான பயிற்சி என்று, பேரன் பள்ளியில் விளக்கை அணைத்துவிட்டு மூலையில் சத்தம் போடாமல் உட்காரப் பழகிவிட்டு வந்து சொல்வான். சொல்லும்போது அவனுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி இருக்கும், கேட்கிற உங்களுக்குச் சோறு இறங்காது. எனக்கும் இறங்கவில்லை. அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் ஏறக்குறைய 46,700 பேர். அதில் 27,000-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். கூட்டத்தில் நுழைந்து கண்டபடி சுடுகிறவனால் இறப்பது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. 2020-லிருந்து அந்த நாட்டில் ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிதான், கார் விபத்தையும் தாண்டிவிட்டது. டிவியில் வருவது மால். டிவியில் வராமல் போவது படுக்கையறை டிராயர்.

இப்போது மாப்பிள்ளை விஷயம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன்.

முதலில் சட்டம். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். டெக்சாஸ் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. வேட்டை லைசென்ஸ் போலச் சில விலக்குகள் உண்டு; அதை நம்பி இறங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. கடையில் 4473 என்று ஒரு படிவம் கொடுப்பார்கள், அதில் விசா பற்றிய கேள்வி இருக்கிறது. பொய் எழுதினால் அது தனிக் குற்றம். "நான் வாங்கித் தருகிறேன்" என்று பக்கத்து வீட்டுக்காரர் அன்பினால் தன் பேரில் வாங்கிக் கொடுத்தால் அவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார். பயிற்சி இடத்தில் கையில் வாங்கிச் சுடுவதும் வைத்திருப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படலாம். கிரீன் கார்டுக்கு வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிற குடும்பம், ஒரு பிஸ்டலுக்காக நாட்டை விட்டே வெளியேற வேண்டி வரலாம். அந்தப் பெரியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. அவருக்கு விசா என்றால் என்னவென்று தெரிய வேண்டிய நிலைமையே வந்ததில்லை.

சரி, நாளைக்கே கிரீன் கார்டு வந்துவிடுகிறது என்று வையுங்கள். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நகைத் திருடன் பெரும்பாலும் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிறவன். எல்லோரும் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போயிருக்கும்போது டிராயரில் கிடக்கிற பிஸ்டல் எப்படி நகையைக் காப்பாற்றும்? நகையோடு அதுவும் போகும். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். வாசலுக்குக் கேமராவும் அலாரமும் போடுங்கள்.

இன்னொன்றை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஹெச்1பியில் வேலை போனால் அடுத்த வேலை தேட 60 நாள்தான். வீட்டுக் கடன், பிள்ளை படிப்பு, ஊரில் பெற்றவர்கள் என்று எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரு மனிதன் தலையில் இறங்கும். அப்படிப்பட்ட ராத்திரிகளை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விபரீத எண்ணம் வருகிற நேரம் பலருக்கும் சிறிது நேரம்தான், கடந்துவிட்டால் மறுநாள் காலையில் மனிதன் காப்பி குடித்துக்கொண்டிருப்பான். துப்பாக்கி கைக்கு எட்டுகிற வீட்டில் அந்தச் சிறிது நேரத்தைக் கடக்க வாய்ப்பே கிடைப்பதில்லை. உங்கள் மாப்பிள்ளை அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. யாருமே முன்கூட்டி அப்படிப்பட்டவராக இருப்பதில்லை. யாருக்காவது அப்படி ஒரு ராத்திரி வந்தால் அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். இதை மகளின் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.

சரி, பக்கத்து வீட்டில் எப்படிக் கேட்பது? நீங்கள் கேட்க வேண்டாம், மகளோ மாப்பிள்ளையோ கேட்கட்டும். பழியைப் பேரன் மேல் போடுவதுதான் சுலபம்: "எங்கள் பையன் எதையும் நோண்டிப் பார்க்கிற ரகம். உங்கள் வீட்டில் துப்பாக்கிகள் எல்லாம் பூட்டித்தானே இருக்கின்றன?" இவ்வளவுதான். குரலில் தீர்ப்பு இருக்கக் கூடாது. நல்ல பதில் எது என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கமே சொல்லியிருக்கிறது: தோட்டா எடுத்த நிலையில், பூட்டி, தோட்டாவைத் தனியாகப் பூட்டி. இடுப்பில் இருப்பதை வீட்டுக்குள் வந்ததும் எங்கே கழற்றி வைப்பார் என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன் என்றால் அது பதில் இல்லை. எட்டு வயதுப் பையனுக்கு நாற்காலி போட்டு ஏறத் தெரியும். நீங்கள் ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை அவன் கண்டுபிடித்ததில்லையா? பத்திரப்படுத்தாமல் விட்ட, தோட்டா போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குக் கிடைத்துவிட்டால், விட்டு வைத்தவர் மேல் குற்றம் என்று டெக்சாஸ் சட்டமும் சொல்கிறது. ஊர்ப் போலீஸ் நிலையங்கள் பலவற்றில் துப்பாக்கிக்குப் போடுகிற கேபிள் பூட்டை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

பெரியவர் மழுப்பினால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பையன்களையும் உங்கள் வீட்டில் விளையாட விடுங்கள். தோசை ஊற்றிக் கொடுங்கள், அந்தப் பேரன் திரும்பிப் போகவே மாட்டான். துப்பாக்கியைப் பார்த்தால் தொடாமல், அந்த அறையை விட்டு வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று உங்கள் பேரனுக்கும் சொல்லி வையுங்கள். சொல்லிவிட்டோம் என்பதற்காக அவனை நம்பி இருந்துவிட வேண்டாம். பூட்ட வேண்டியது பெரியவர்கள் வேலை.

இதெல்லாம் அங்கே மாறவே மாறாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். மெதுவாக, மிக மெதுவாக மாறுகிறது. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 சின்னக் குழந்தைகள் சுடப்பட்டுப் போன பிறகும், வாங்குகிறவரின் பின்னணியைச் சரிபார்க்கிற விதியை விரிவாக்கும் மசோதாவுக்கு 2013-ல் செனட்டில் 54 ஓட்டுத்தான் விழுந்தது, 60 வேண்டியிருந்தது. யுவால்டேக்குப் பிறகு 2022 ஜூனில் இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு சட்டம் கொண்டுவந்தன. 2024-ல் மிச்சிகனில், பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்ற பையனின் அப்பாவையும் அம்மாவையுமே குற்றவாளிகள் என்று தனித்தனி வழக்குகளில் ஜூரி சொன்னது. அவனுக்குத் துப்பாக்கி வாங்கிக் கொடுத்து, பத்திரப்படுத்தாமல் விட்டதற்காக. அந்தத் தீர்ப்புகள் வந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சனிக்கிழமை மாலை மகளை வேலிப் பக்கம் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.