குடும்பத்தில் யாரும் வக்கீல் இல்லை. சட்டக் கல்லூரி மாணவர் இன்டர்ன்ஷிப்பை எங்கே செய்தால் தொழில் பிடிபடும்?

கேள்வி கேட்டவர் ஐந்தாண்டுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர். சென்னையில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பதா, சொந்த ஊர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் போவதா என்று குழம்புவதாக எழுதியிருக்கிறார்.

சொந்த ஊருக்கே போங்கள். முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் தினமும் நிற்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அடுத்த விடுமுறைக்கும் அதற்கடுத்த விடுமுறைக்கும் அதே ஆபீசுக்குப் போங்கள். நான் திருநெல்வேலியில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். எங்கள் ஆபீசுக்கு ஆண்டுதோறும் மாணவர்கள் வருகிறார்கள், அவர்களைப் பார்த்த அனுபவத்தில்தான் சொல்கிறேன்.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள்படி மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. விசாரணை நீதிமன்ற வக்கீல், மேல்முறையீட்டு வக்கீல் ஆகியோரிடம் ஒரு முறையாவது இருந்திருக்க வேண்டும். மற்ற வாரங்களைத் தொண்டு நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு என்று எங்கே வேண்டுமானாலும் கழிக்கலாம்.

இந்த 20 வாரத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்வதற்கு முன் ஓராண்டுப் பயிற்சி கட்டாயம் என்று பார் கவுன்சில் 1995-இல் விதி கொண்டுவந்தது. அப்படி விதிக்கும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இல்லை என்று சுதீர் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போது இருப்பது அகில இந்திய பார் தேர்வு மட்டும்தான். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை எழுதலாம். மருத்துவம் படித்தவருக்கு ஹவுஸ் சர்ஜன் ஆண்டு இருக்கிறது, நமக்கு அப்படி ஒன்று இல்லை. படிக்கும்போது ஆபீசில் உட்கார்ந்து கற்றுக்கொள்கிற வாரங்கள்தான் நமக்குக் கிடைக்கிற பயிற்சி.

சரி, ஏன் ஒரே ஆபீஸ்? ஒரு சிவில் வழக்கு பல ஆண்டுகள் ஓடும். நான்கு வாரத்தில் நீங்கள் பார்ப்பது இரண்டு வாய்தா, ஒரு இடைக்கால மனு, ஒரு ரிட்டர்ன் (குறை சொல்லிக் கோர்ட் திருப்பி அனுப்பிய மனு). ஆண்டுக்கொரு ஊர், ஆண்டுக்கொரு ஆபீஸ் என்று மாறினால் கையில் ஐந்து சான்றிதழ் இருக்கும், ஆனால் ஒரு வழக்கு பிராதிலிருந்து (வாதி தாக்கல் செய்கிற வழக்குரை) தீர்ப்பு வரை எப்படி நகர்கிறது என்று தெரியாது. அதனால் முதல் வாரமே சீனியரிடம் கேட்டு, புதிதாகத் தாக்கலாகும் இரண்டு மூன்று வழக்குகளின் சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்குக்கு வழக்கு தனித்தனியாக இருக்கிற, 16 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாள எண் இருந்தால், ஹாஸ்டலில் இருந்தபடியே இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த தேதியைப் பார்க்கலாம். அடுத்த முறை ஆபீசுக்கு வரும்போது அதே வழக்குக் கட்டை எடுத்து, இடையில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படியுங்கள்.

எங்கள் ஆபீசில் ஒரு மாணவி இப்படித்தான் ஒரு பாகப்பிரிவினை வழக்கைப் பிடித்துக்கொண்டார். அதில் நாங்கள் பிரதிவாதி தரப்பு. எங்கள் எதிர்வழக்குரை தயாரான ஆண்டில் வாதியின் பிராதை வரி வரியாகப் படித்தார். அடுத்த விடுமுறையில் எழுவினாக்கள், அதாவது கோர்ட் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள், வனையப்பட்டிருந்தன. அதற்கடுத்து வாதி கூண்டில் ஏறினார். அப்பா இறந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்ததாகப் பிராதில் இருந்தது. அவர் சாட்சியமாக எழுதித் தாக்கல் செய்த நிரூபண வாக்குமூலத்திலோ அப்பா உயிரோடு இருந்தபோதே பேசியதாக வந்திருந்தது. குறுக்கு விசாரணை நடக்கும்போது அந்த மாணவி பத்தி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஜூனியரிடம் நீட்டினார். அடுத்த கேள்வியே அதுதான். அந்தக் கட்டை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் பொறுமை அவரிடம்தான் இருந்தது. இதை ஒரு மாதத்தில் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது.

மாலை ஆபீசைத் தவறவிடாதீர்கள். பகலில் கோர்ட்டுக்கு வந்துவிட்டு மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிற மாணவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து பேசுவது மாலையில்தான். செக் கேஸ் ஒன்று வருகிறது என்று வையுங்கள். வந்தவர் கடன் கொடுத்த கதை, நட்பு, துரோகம் என்று அரை மணி நேரம் சொல்வார். சீனியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரிட்டர்ன் மெமோ எப்போ கைக்கு வந்துச்சு?" என்பார். செக் திரும்பியதற்கு வங்கி தருகிற சீட்டு அது. மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் எல்லாமே தேதிதான். செக் திரும்பியது தெரியவந்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள், அதுவும் தவறினால் ஒரு மாதத்துக்குள் புகார். இதை வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஆனால் எதிரே இருப்பவர் மஞ்சள் பையிலிருந்து கசங்கிய மெமோவை எடுத்து நீட்ட, அதில் முத்திரைத் தேதி மங்கலாக இருக்க, நீங்கள் காலண்டரில் விரல் வைத்து எண்ணும்போதுதான் அது உங்கள் அறிவாகிறது.

அடுத்தது குமாஸ்தா. நீங்கள் சட்டம் படித்தவர், அவர் படிக்காதவர் என்று நினைத்து ஒதுங்கிவிட்டால் பெரிய நஷ்டம் உங்களுக்குத்தான். பிராது ஏன் வழக்கு எண் பெறாமல் திரும்பியது என்று அவருக்குத் தெரியும். வழக்கு மூலம் (வழக்குப் போடக் காரணமான சம்பவம்) எழுந்த தேதி விட்டுப்போயிருக்கும், சொத்து விவரத்தில் நான்குமால் (நான்கு பக்க எல்லை) பத்திரத்தோடு ஒத்துப்போகாது, கோர்ட் கட்டணத்துக்கான மதிப்பீடு வேறு சட்டப் பிரிவில் வந்திருக்கும், சம்மன் அனுப்புவதற்கான பேட்டா கட்டியிருக்க மாட்டார்கள். அவரோடு தாக்கல் கவுன்டருக்கும் நகல் பிரிவுக்கும் போய் நில்லுங்கள். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் மேசையில் பரப்பி, சர்வே எண் எங்கே மாறுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் சிவில் கோர்ட்டில் பாதி வழக்கு அந்த நான்கு தாள்களுக்குள்தான் இருக்கிறது.

மே மாதத்தில் வருகிறவர்களுக்கு ஒன்று. அப்போது சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் இயங்கும். அந்த மாதத்தைக் கிரிமினல் வக்கீல் ஒருவரிடம் கழித்தால் ரிமாண்ட், ஜாமீன் மனு, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் ஆஜர்படுத்துவது எல்லாம் கண்முன்னே நடக்கும். 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்துவிட்டதால் சீனியர்களும் பழைய பிரிவு எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் ஒரு நல்ல ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுக் கொண்டுபோனால் முதல் நாளே ஆபீசில் உங்களுக்கு வேலை உண்டு.

ஒரு முறையாவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இருங்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அங்கே வருகிற பெண்களில் பலருக்கு இது தெரியாது. எவ்வளவு செலவாகும் என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அவர்களிடம் பேசி, கதையிலிருந்து வழக்குக்கு வேண்டியதைப் பிரித்து எழுதப் பழகுவது மாணவருக்கு மிகச் சிறந்த பயிற்சி.

பெரிய நிறுவனம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பெனிச் சட்டம், ஒப்பந்த வேலைதான் உங்கள் விருப்பம் என்றால் நான்காம், ஐந்தாம் ஆண்டில் போங்கள், அப்போது அங்கே பார்ப்பது புரியும். முன்சீப் (சிவில் நீதிபதி) தேர்வு எழுத நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மூன்றாண்டு தொழில் அனுபவம் வேண்டும், அது தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்துதான் கணக்கு. கல்லூரி இன்டர்ன்ஷிப் அதில் சேராது.

டைரியை நீங்களே எழுதுங்கள். நடைமுறைப் பயிற்சித் தாளில் ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைக் கவனித்ததற்கும், கட்சிக்காரர் சந்திப்பு இரண்டைப் பதிவு செய்ததற்கும் மதிப்பெண் உண்டு. முந்தைய பேட்ச் நோட்டைப் பார்த்து எழுதினாலும் மதிப்பெண் வந்துவிடும், அதனால்தான் சொல்கிறேன். ஆனால் கட்சிக்காரர் பெயரை அதில் எழுதாதீர்கள், கட்டைப் போட்டோ எடுக்காதீர்கள். அவர் வக்கீலை நம்பிச் சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

பணம் பெரும்பாலும் கிடைக்காது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் உதவித்தொகை பற்றிச் சொன்னது ஜூனியர் வக்கீல்களுக்கு. மாணவருக்குப் பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடுமாவது சீனியர்கள் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சொந்த ஊர் என்று நான் சொல்வதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம்.

எப்படி அணுகுவது? சிபாரிசு தேவையில்லை. கல்லூரி முதல்வரின் கடிதத்தோடு மாலை ஆறு மணிக்கு மேல் ஆபீசுக்கு நேரில் போய், "சார், நான் இரண்டாம் வருஷம், நாலு வாரம் வந்து கத்துக்கலாமா? அடுத்த லீவுக்கும் இங்கேயே வர்றேன்" என்று சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மதிப்பு அதிகம். திரும்பி வரப்போகிறவருக்குக் கற்றுக்கொடுக்க எல்லோருக்கும் மனசு வரும். மாணவிகள் ஆபீஸ் எத்தனை மணி வரை, வேறு பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, கடைசி பஸ் எப்போது என்பதையெல்லாம் முதல் நாளே தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்கிற ஆபீசாக இருந்தால் வேறு ஆபீஸ் பாருங்கள்.