ஆயிரம் அடி போட்டும் புகைதான் வருகிறது: வட ஆற்காட்டு நிலத்தடி நீர், கேள்வி பதில்

போர்வெல், கிணறு, ஏரி, ஆறு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நாற்பதுக்கும் மேல் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பாறைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அதனால் மூன்றையும் சேர்த்து வட ஆற்காடு என்றே எழுதுகிறேன். முப்பது வருஷம், நிலத்தின் மின்தடையை அளந்து நீரோட்டம் பார்க்கிற மீட்டரைத் தூக்கிக்கொண்டு இந்தக் காடுகரைகளில் அலைந்தவன். வேறு தகுதி கிடையாது.

குடியாத்தத்திலிருந்து ஒரு விவசாயி: தாத்தா காலத்தில் 40 அடிக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்தார்கள். நான் மூன்று போர் போட்டுவிட்டேன், கடைசிப் போர் 1,050 அடி. தண்ணீர் இல்லை, வெறும் கல்தூள் புகை. இன்னும் 300 அடி போனால் நிச்சயம் கிடைக்கும் என்கிறார் போர் போடுகிற ரிக்காரர். போகலாமா ஐயா?

வேண்டாம்.

காரணத்தை உங்கள் போரே சொல்லியிருக்கும், ரிக் ஓடும்போது பக்கத்தில் நின்றிருந்தால். முதலில் செம்பழுப்பாகத் தூள் வரும். அது மக்கிய பாறை. கடப்பாறை போட்டால் பொலபொலவென்று உதிரும். அப்புறம் சாம்பல் நிறம், அதற்குக் கீழே கருநீலத் தூள். அங்கிருந்து எல்லாம் ஒரே கல்தான். நம் பக்கத்தில் பெரும்பாலும் சார்னோகைட், இல்லாவிட்டால் நைஸ், இரண்டுமே கெட்டியான பாறை வகை. குவாரி ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், அதற்குள் தண்ணீர் தங்க எங்கே இடம்? கல்லில் வெடிப்பு இருந்தால்தான் உண்டு. வெடிப்பு வந்தால் துளைக்கிற ராடு சடக்கென்று கொஞ்சம் இறங்கும், புகை நின்று சேறு தெறிக்கும். 1,050 அடியில் அது எத்தனை முறை நடந்தது? பெரும்பாலும் முதல் 300 அடிக்குள் ஒன்றிரண்டு இடத்தில் ஈரம் காட்டியிருக்கும். கீழே போகப் போக மேலிருக்கும் பாறையின் கனத்தில் வெடிப்புகள் இறுகிவிடும்.

முக்கியமான விஷயம் இதுதான். வெடிப்பு என்பது குழாய், தொட்டி அல்ல. தொட்டி மேலே இருக்கிறது, அந்த மக்கிய பாறையில். உங்கள் தாத்தா மொண்டது அதிலிருந்துதான். தொட்டி காலியானபின் குழாயை எவ்வளவு தூரம் நீட்டினாலும் என்ன வரும்? சில சமயம் 900 அடியில் ஒரு இஞ்ச் தண்ணீர் (போரில் வருகிற அளவை இஞ்சில்தான் சொல்வோம்) கிடைக்கும், ஊரே வந்து பார்க்கும், இரண்டு கோடையில் அதுவும் நின்றுவிடும். அது வெகுகாலமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர். எடுத்த வேகத்தில் திரும்ப வராது.

ரிக்காரர் மேல் கோபப்படாதீர்கள். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அவருக்கு அடிக்கணக்கில் கூலி. சாப்பிட்டது போதுமா என்று ஓட்டல்காரரிடம் கேட்டால் என்ன சொல்வார்?

தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது. மிஷின்காரர் சொன்ன இடத்தில் வரவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. மிஷின் தண்ணீரைப் பார்ப்பதில்லை. தரையில் நாலு கம்பி அடித்து, வெளிக் கம்பி இரண்டில் மின்சாரம் விட்டு, நடுவில் உள்ள இரண்டில் எவ்வளவு தடை என்று அளக்கிறோம். காய்ந்த கல்லுக்குத் தடை அதிகம், ஈரமான இடத்துக்குக் குறைவு. ஆனால் களிமண்ணுக்கும் தடை குறைவு, உப்புத் தண்ணீருக்கும் குறைவு. அதனால் நாங்களும் ஏமாறுவோம், நானும் ஏமாந்திருக்கிறேன். தேங்காய் நிமிர்வதற்குப் பின்னால் அப்படி ஒரு கணக்குகூட இல்லை. ஊரில் ஆலமரம், பள்ளக்கால், கிணறு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அந்தப் பெரியவருக்குத் தெரியும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது.

நிலத்தில் வரிசையாகக் கருங்கல் தலைகாட்டினால் கவனியுங்கள். டோலரைட் சுவராக, அதாவது பழைய பாறை வெடிப்பில் பாறைக்குழம்பு ஏறி உறைந்த சுவராக இருக்கலாம், நம் பக்கத்தில் நிறைய உண்டு. பூமிக்குள் கட்டிய தடுப்பணை மாதிரி அது. மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் காயும். இதற்குத் தேங்காயும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.

அணைக்கட்டு ஊர்ப் பக்கம். ஐந்து ஏக்கர் இருக்கிறது. என் நிலத்தில் பெய்கிற மழையைத்தானே எடுக்கிறேன்? நெல் நடக் கூடாது என்கிறார்களே.

நடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், கணக்கை மட்டும் சொல்கிறேன். நமக்கு வருஷத்துக்குச் சுமாராக 950 மில்லிமீட்டர் மழை. தென்மேற்கும் தரும், வடகிழக்கும் தரும், அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள். ஒரு ஏக்கரில் அது ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர். பாறை நிலத்தில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பங்குதான் கீழே இறங்கும். பத்து என்றே வைப்போம்: 3.8 லட்சம் லிட்டர். இது ஒரு ஏக்கரின் வருஷ வரவு.

மார்கழி, தையில் போடுகிற நவரைப் பட்டத்து நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். அதில் பாதி வயல் வழியாகவே திரும்ப இறங்கிவிடும் என்று தாராளமாக விட்டாலும், செலவு 24 லட்சம். ஆக ஒரு ஏக்கர் நவரை நெல் ஆறு ஏக்கரின் வரவைக் குடிக்கிறது. உங்களிடம் ஐந்துதான் இருக்கிறது. மீதி பக்கத்து நிலத்துக்காரருடையது, அவரும் நெல்தான் நட்டிருப்பார். கேழ்வரகுக்கு நெல்லில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் போதும். கேழ்வரகுக்கு விலை இல்லையே என்பீர்கள். சரிதான், அதற்கு என்னிடம் மீட்டர் இல்லை.

பாலாறு செத்ததற்குக் கர்நாடகா, ஆந்திரா காரணமா, மணல் காரணமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். (வெவ்வேறு ஆட்கள் கேட்டது, ஒருவர் கோபமாகவே)

ஒரே வார்த்தையில் முடியாது. நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம் வேலூரைக் கேலி செய்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்துவிட்டார். ஆற்றுக்குத்தான் தண்ணீர் வரவில்லை.

நந்தி மலையில் பிறக்கிற பாலாறு கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடுகிறது. மேலே பேத்தமங்கலா போன்ற ஏரிகள் நிரம்பி வழிந்தால்தான் நமக்கு மிச்சம். சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது. மேலே புதிதாக எதையும் கட்டுமுன் கீழே இருப்பவர்களைக் கேட்க வேண்டும். ஆந்திரம் எல்லையில் தடுப்பணைகளைக் கட்டி உயர்த்தியதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நியாயமான வழக்கு.

ஆனால் நம் கையில் இருந்ததை நாம் என்ன செய்தோம்? பாலாறு எப்போதுமே மேலே ஓடிய ஆறு அல்ல, மணலுக்குள் ஓடிய ஆறு. கோடையில் மணலைக் கீறி ஊற்றுக்கால் வெட்டி, அந்தக் கசிவைச் சேர்த்து வயலுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கன மீட்டர் மணல் சாதாரணமாக 200 லிட்டரைக் கொடுக்கும். 300 மீட்டர் அகல ஆற்றில் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு மீட்டர் மணலை அள்ளினால் 6 கோடி லிட்டர் கொள்ளளவு போகிறது. பல இடத்தில் ஒரு மீட்டரோடு நிற்கவில்லை, அடிக்களி தெரிகிற வரைக்கும் அள்ளிவிட்டார்கள். களி வழியாகத் தண்ணீர் இறங்காது. 2021 நவம்பரில் கரை புரள வெள்ளம் வந்ததே, பாலத்தில் நின்று எல்லோரும் செல்போனில் படம் எடுத்தோம். அதில் எவ்வளவு தங்கியது? மணல் இருந்த இடத்துக் கிணறுகள் ஏறின, களி தெரிந்த இடத்தில் வெள்ளம் கடலைப் பார்க்கப் போய்விட்டது.

கோபக்கார நண்பருக்கு: தண்ணீர் வராததற்கு அவர்கள் ஒரு காரணம். வந்த தண்ணீர் நிற்காததற்கு நாம்தான் காரணம்.

ஆம்பூரிலிருந்து ஓர் அம்மா: போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, துணியில் சோப்பு நுரைப்பதில்லை. காய்ச்சிக் குடிக்கலாமா? குரோமியம் இருக்குமா?

காய்ச்சாதீர்கள் அம்மா. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கெட்டிப்படும். ஃபுளோரைடும் அப்படித்தான்.

உங்கள் பக்கத்து உப்பு பெரும்பாலும் சாதாரணச் சமையல் உப்பு. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் தோல் பதனிடுகிற ஷெட்டுக்கு வரும். அதை ஊறவைத்து அலசுகிற முதல் தண்ணீர் கிட்டத்தட்ட கடல். பல பத்தாண்டுகள் அதை ஓடையிலும் ஏரியிலும் விட்டார்கள். உப்பு மண்ணோடு ஒட்டாது, தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். குரோமியம் வேறு மாதிரி. பதனிடும்போது பயன்படுத்துகிற குரோமியம் பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ஆபத்தானது ஹெக்ஸாவேலன்ட் என்கிற இன்னொரு வகைக் குரோமியம், மஞ்சளாகத் தண்ணீரில் கரைந்தே ஓடும். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றியுள்ள பிரச்சினை அதுதான். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. நாக்குக்கு அது தெரியாது, பரிசோதனையில்தான் தெரியும்.

கரைந்த உப்பின் அளவை டிடிஎஸ் என்பார்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். ஆர்.ஓ. போட்டால் உப்பு, ஃபுளோரைடு எல்லாம் குறையும், ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் உப்புத் தண்ணீர் வெளியேறும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், கழிப்பறைக்கு வையுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் குடிப்பதற்கு அதைப் பிடித்துவையுங்கள், போர் மற்ற வேலைக்கு.

தோல் ஆலைக் கழிவுக்கு இழப்பீடு கிடைக்குமா என்று கேட்டவர்களுக்கு: மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டிய முக்கியமான தீர்ப்பு நம் ஊர் வழக்கில் வந்ததுதான், 28.8.1996 அன்று. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசுக்காக இன்னொரு தீர்ப்பு: அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்று. நடுவில் 28 வருஷத்துக்கும் மேல்.

என் நிலம், என் போர். அரசாங்கம் எப்படிக் கேள்வி கேட்க முடியும்?

இப்போதைக்கு உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டத்தின்படி நிலத்துக்காரர் தன் நிலத்தடி நீரை எடுத்துக்கொள்ளலாம். கவலை ஓட்டிய காலத்துச் சட்டம். மாடு களைத்தால் தண்ணீர் எடுப்பது தானாக நின்றது. சென்னைப் பகுதிக்கு 1987இல் தனிச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003இல் ஒன்று நிறைவேற்றினார்கள், நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. என் கருத்து: ஆளுக்கு ஆள் அனுமதிச் சீட்டு கொடுப்பது இங்கே நடக்காது, தாலுகா ஆபீசில் இன்னொரு வரிசை கூடும், அவ்வளவுதான். ஊர் உட்கார்ந்து தை மாதம் கிணற்று மட்டத்தைப் பார்த்து, இந்தக் கோடைக்கு எத்தனை ஏக்கர் நெல் என்று முடிவு செய்வது நடக்கலாம். லாரியில் விற்பவரை மட்டும் முதலில் நிறுத்த வேண்டும், அது விவசாயமே இல்லை.

காட்பாடி. 1,000 சதுர அடி மொட்டை மாடி. வற்றிய போரில் மழைத் தண்ணீரை விடலாமா?

விடலாம். வருஷத்துக்கு 70,000 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள், பிறகு மணல், ஜல்லி வடிகட்டி வழியாக. மாடித் தண்ணீர் மட்டும். தெருத் தண்ணீரை நேராகப் போருக்குள் விட்டால் சாக்கடையை ஊருக்கே ஊசி போட்டு ஏற்றுவது மாதிரி.

கம்ப்ரஸர் போடட்டுமா, சப்மெர்சிபிளா?

தண்ணீர் அரை இஞ்ச் என்றால் கம்ப்ரஸர், காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளுவது. மின்சாரம் தின்னும்.

கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் உறை இறக்கிக் கிணறுகள் கட்டினார்களே, பிரயோஜனம் உண்டா?

உண்டு. நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டியவை அந்த மீள்நிரப்புக் கிணறுகள். ஓடையில் ஓடுகிற தண்ணீரை மேலே உள்ள களியைத் தாண்டி மணலுக்கும் மக்கிய பாறைக்கும் சேர்க்கின்றன. முதல் கேள்வியில் சொன்ன தொட்டியை நிரப்புகிற வேலை. வருஷா வருஷம் வண்டலை எடுக்காவிட்டால் அடைத்துக்கொள்ளும். கட்டுவதற்குப் பணம் வரும், தூர்வாருவதற்கு வராது, அதுதான் தலைவலி.

பேரணாம்பட்டு: பழைய கிணறு சும்மா கிடக்கிறது. 30 அடிக்கு 30 அடி, ஆழம் 40. மூடிவிட்டு வீடு கட்டப் போகிறோம். எத்தனை லோடு மண் ஆகும்?

36,000 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி, மூன்று யூனிட் டிப்பர் என்றால் 120 லோடு.

அதே கிணறு 10 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. கல் கட்டிய தொட்டி, செலவில்லாமல் கையில் இருக்கிறது. டிப்பருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். தை பிறந்ததும் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கிப் பாருங்கள், எத்தனை அடியில் நனைகிறது என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். பக்கச் சுவரில் எந்தப் பொந்திலிருந்து கசிகிறது என்று ஒரு போட்டோவும். 120 லோடைப் பற்றி அப்புறம் பேசுவோம்.