அரியர் இருந்தால் பல்கலைக்கழக டீமில் ஆட முடியாதா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். பேத்தி அவர் வீட்டில் தங்கி, காரைக்குடியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி வாலிபால் டீமில் ஆடியவள், இந்த வருடம் பல்கலைக்கழக டீமுக்கும் தேர்வாகிவிட்டாள். வருகைப்பதிவு 68 சதவீதம், அரியர் இரண்டு. “அமெரிக்காவில் படிப்பில் பின்தங்கினால் ஆடவே விடமாட்டார்களாம், என் தம்பி மகன் சொல்கிறான். இங்கேயும் அப்படித்தானா? மகளும் மாப்பிள்ளையும் விளையாட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?” என்று கேட்கிறார்.

நிறுத்த வேண்டாம் ஆச்சி. ஆனால் அந்த 68ஐயும் இரண்டு அரியரையும் அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

உங்கள் தம்பி மகன் சொல்வது அங்கே உண்மைதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில், இரண்டாம் ஆண்டு முடியும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம், மூன்றாம் ஆண்டு முடியும்போது 60, நான்காம் ஆண்டு முடியும்போது 80 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் களத்தில் இறங்க முடியாது. இங்கே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. அது பார்ப்பது வேறு: முழுநேர ரெகுலர் மாணவியா, வயது 17லிருந்து 25க்குள்ளா என்பதுதான். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்கள் ஆட முடியாது. இரண்டு அரியர் இருக்கிறது என்பதற்காகச் சங்கம் உங்கள் பேத்தியைத் தள்ளி வைக்காது. கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டோ கட்டணச் சலுகையோ கொடுத்திருந்தால் மட்டும், அதற்கென்று தனி நிபந்தனை இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இங்கே அப்படி ஒரு விதி இல்லாதது எனக்கு வருத்தம்தான். அங்கே வருடா வருடம் ஒரு கணக்குப் பார்க்கிறார்கள். இங்கே கோப்பை வாங்கி வரும்வரை யாரும் எதுவும் கேட்பதில்லை, மூன்றாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை கையில் ஐந்தாறு அரியரோடு நிற்கிறது. அந்தக் கணக்கை வீட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வருகைப்பதிவு. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டுமென்றால் 68 நாள் வகுப்பில் இருக்க வேண்டும், போகக்கூடியது 22 நாள். பயிற்சி முகாமுக்குப் பத்து நாள், தென்மண்டலப் போட்டிக்குப் பயணத்தோடு ஒரு வாரம் போனால், மீதி ஐந்து. நம் பக்கத்தில் கல்யாணம், திருவிழா, ஒரு காய்ச்சல் என்றாலே அந்த ஐந்தும் போய்விடும். ஆகவே முகாமுக்கும் போட்டிக்கும் போகும் ஒவ்வொரு நாளும் ஓ.டி. ஆகப் பதிவாக வேண்டும். கல்லூரி வேலையாகவே வெளியே போனாள் என்பதற்கான அனுமதி அது. கிளம்பும் முன்பே உடற்கல்வி இயக்குநர் கடிதம் கொடுத்து, முதல்வர் கையெழுத்து வாங்கி, துறைத் தலைவரிடம் ஒரு நகல் சேர வேண்டும். திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றிதழின் நகலையும் கொடுக்க வேண்டும். “வந்து பார்த்துக்கலாம்” என்று போகிற பிள்ளைகளுக்குத்தான் செமஸ்டர் கடைசியில் ஆப்சென்ட் விழுகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். சில கல்லூரிகளில் ஓ.டி. நாளை வந்ததாகவே கணக்கிடுவார்கள். சில இடங்களில் 65லிருந்து 75க்குள் இருப்பவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு விலக்குத் தரும்போதுதான் அதைப் பார்ப்பார்கள். உங்கள் பேத்தியின் 68 ஓ.டி.யைச் சேர்த்தா, சேர்க்காமலா? இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து அரியர். மண்டலப் போட்டிகள் பல சமயம் நவம்பர் தேர்வையொட்டியே வருகின்றன. அட்டவணை கைக்கு வந்த அன்றே தேதி மோதுகிறதா என்று பார்த்து, முதல்வர் வழியாகத் தேர்வுப் பிரிவுக்கு எழுதுங்கள். தேர்வு முடிந்தபின் எழுதும் கடிதத்துக்குப் பெரும்பாலும் பலன் இருக்காது. உள்மதிப்பீடு 25 மதிப்பெண் அவள் கையில் இருப்பது. விட்டுப்போன டெஸ்ட்டை எப்போது எழுதலாம் என்று முகாமுக்குப் போகும் முன்பே ஆசிரியரிடம் கேட்டு வைக்கட்டும். அதில் 20 வாங்கிவிட்டால், பாஸுக்கு வேண்டிய 40இல் மீதி 20ஐ செமஸ்டர் தேர்வில் எடுத்தால் பாஸ் என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் செமஸ்டர் தேர்வுக்குத் தனியாகவும் ஒரு குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு.

அரியர் இப்போது அவளை டீமிலிருந்து எடுக்காது என்றேன். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் எடுத்துவிடும். படிப்புக் காலம் முடிந்து அரியர் மட்டும் எழுதுகிறவள் ரெகுலர் மாணவி இல்லை. பட்டம் இல்லாமல் முதுகலையிலும் சேர முடியாது. நல்ல வாலிபால் ஆட்டக்காரிக்கு உடம்பும் அனுபவமும் ஒன்றாகச் சேர்வது அந்த முதுகலை வருடங்களில்தான். வயது வரம்பு 25 வரை இருந்தும், இரண்டு பேப்பரால் 20 வயதிலேயே பல்கலைக்கழக ஜெர்சியைக் கழற்ற வேண்டியதாகிவிடும். மனசு ஆறாது ஆச்சி.

அவள் இந்தத் துறையிலேயே வேலைக்குப் போக நினைத்தால் வெறும் பாஸ் போதாது. உடற்கல்வி ஆசிரியருக்கான பி.பி.எட். படிப்பில் சேர பட்டத்தில் 50 சதவீதம் கேட்பார்கள். பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களுக்கு 45. கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வர உடற்கல்வி முதுகலையில் 55 சதவீதமும், நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும், ஆடிய சான்றும் வேண்டும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்தே போய் வரலாம். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் அந்தப் பணிக்குரிய படிப்பை முடித்திருக்க வேண்டும்.

மகளிடமும் மாப்பிள்ளையிடமும் இந்தச் செமஸ்டர் ஒன்றை மட்டும் கேளுங்கள். வருகைப்பதிவு 75க்கு வர வேண்டும், அரியரில் ஒன்றாவது போக வேண்டும் என்று பேத்தியிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள். பயிற்சி மாலை ஆறரைக்கு முடிந்தால் இரவு ஒன்றரை மணி நேரம் கணக்குப் போட உட்காரலாம், அதற்குத் தெம்பு இருக்கும். அப்புறம், போட்டி முடிந்து வரும் சான்றிதழ்களின் அசலை அவள் பையிலேயே விடாமல் நீங்கள் வாங்கி வையுங்கள். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பல்கலைக்கழக ஆட்டக்காரர்களுக்குப் படிவம் 3 கேட்பார்கள். பல்கலைக்கழக விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட வேண்டிய படிவம் அது. படித்துக்கொண்டிருக்கும்போதே வாங்கிவிடட்டும்.